மலை உச்சியில் சொன்ன சாட்சி

"மதினி வீட்ட இரிக்காவா காக்கா?" என்று கேட்டால், ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு மனிசன் சொல்ல வேண்டுமா இல்லையா? அவர் சொல்லமாட்டார். "நான் வெளிய வரக்குள்ள குசினிக்குள்ள நிண்டா" என்பார். சரி, இப்போது? "இப்ப நான் உனக்கு முன்னாலதானே நிக்கிறன்." சாகாமத்துப் பக்கம் நல்ல மழையாமே என்றால், "இஞ்ச பெய்யுது. அங்க நான் நிக்கல்ல." அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவரோடு கொஞ்ச நேரம் கதைத்தால் எனக்குத் தலை சுற்றும்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கல்முனையில் பெயரைச் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும். ஆளைத் தெரிந்தால், நான் இங்கே சொல்லப்போகிற ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு எவனாவது அவரைக் குறைசொல்வான். அதைத் தாங்க எனக்கு ஏலாது.

அப்போது எனக்கு ஒரு பழைய வேன் இருந்தது, வாடகைக்கு ஹயர் ஓடினேன். சவளக்கடையில் கொஞ்சம் வயலும் இருந்தது. என் வயலுக்கும் அவருடைய வயலுக்கும் நடுவில் ஒரு வரம்புதான். அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனாலும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய மனைவியை மதினி என்பேன்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்கிற மாலையில் ஊர் ஆண்களெல்லாம் மேற்கே வயல் ஓரத்தில் போய் நிற்போம். கண்ணால் கண்டவர் வந்து சாட்சி சொன்னால்தான் பெருநாள். ஒரு வருடம் மேகம் கொஞ்சம் விலகியதும் "அந்தா! அந்தா!" என்று ஒரே சத்தம். பெருநாள் உடுப்புத் தைத்து வைத்திருந்தவன், இறைச்சிக்குச் சொல்லி வைத்திருந்தவன் எல்லாருக்கும் பிறை தெரிந்துவிட்டது. பள்ளிவாசல் ஆட்கள் அவருடைய முகத்தைத்தான் பார்த்தார்கள். தூரத்துக் கொக்கை எண்ணிச் சொல்கிற கண் அவருக்கு.

"நான் காணல்ல" என்றார்.

"பத்துப் பேர் கண்டிரிக்கம் காக்கா!"

"அப்ப பத்துப் பேரும் போய்ச் சொல்லுங்க. என்னை ஏன் பாக்கிறீங்க?"

ஒருவனும் போகவில்லை. அடுத்த நாளும் நோன்புதான். மதினி அன்று என்னிடம் வந்து, "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறை இவருக்கு மட்டும் பர்தா போட்டிட்டு நிண்டிச்சாக்கும்" என்றா. ஆனால் அவர் 'கண்டன்' என்று சொன்ன வருடங்களில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அப்படி ஒரு மதிப்பு.

இந்தக் குணம் எப்போதும் இனிப்பாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். சண்டைக் காலத்தில் ஒருநாள் சந்தியில் குண்டு வெடித்தது. அவர் அந்த இடத்தில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சந்தேகத்தில் ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்து வைத்திருந்தார்கள், கடல் தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. விசாரணைக்கு இவரையும் கூட்டிப்போய், "இவன்தானே எறிஞ்சவன்?" என்று கேட்டார்கள். "வெடிச்சதைக் கண்டன். எறிஞ்ச ஆளைக் காணல்ல" என்றார். மாற்றி மாற்றிக் கேட்டும் அதே பேச்சுத்தான். அந்த நாட்களில் தமிழ் ஆட்களுக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் மனம் கசந்து கிடந்தது. எங்கள் ஆட்களிலேயே சிலர், "நமக்கென்ன, ஓம் எண்டு சொல்லிட்டு வாங்க" என்று அவருடைய காதைக் கடித்தார்கள். அவர் அசையவில்லை. பையனை விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் அந்தப் பையனின் தாய் ஒரு கூடை மீனோடு வந்து வாசல் கடப்படியில் நின்றா. "காக்கா, நீங்கதான் என்ட புள்ளையக் காப்பாத்தித் தந்த" என்று அழுதா.

"நான் காப்பாத்தல்ல தங்கச்சி. உங்கட மகன் எறிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரியா. நான் காணல்ல, அவ்வளவுதான்."

அந்த மனிசியின் முகம் செத்துப்போனது. மதினி ஓடிவந்து மீனை வாங்கி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்ற தாயிடம் அப்படியா கதைப்பது? வாய்க்கு வந்த ஒரு நல்ல சொல்லைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் நானும் சவளக்கடையில் நின்றோம். பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது, பசளை எறிந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தென்னைகளின் தலை மட்டும் கோடு போலத் தெரியும். கடலை யார் கண்டது? கிட்டங்கிப் பக்கமிருந்து சனம் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் எங்களுக்கு விசயமே தெரியும்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். அவருடைய ஒரே மகனும் கலியாணம் முடித்து, கடற்கரை ஓரத்தில் இருந்த மனைவி வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகவில்லை. அன்று மருமகள் விடியவே மாமி வீட்டுக்கு வந்துவிட்டாள், மா இடித்துக் கொடுக்க. மாமாவுக்குப் பிட்டை வாழையிலையில் கட்டிக் கொடுத்து, சைக்கிளில் வயலுக்கு அனுப்பியதும் அவள்தான். மகன் அங்கே கடற்கரை வீட்டில் நித்திரை. வீடு போனது. அவளுடைய உம்மாவும் வாப்பாவும் போனார்கள், இரண்டு பேருடைய மையத்தும் கிடைத்தது. மகன் மட்டும் கிடைக்கவில்லை.

பாடசாலை விறாந்தையில் மையத்துகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு துணியாக விலக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். நான் கூடவே நடந்தேன். அவர் ஒரு முகத்தையும் விடவில்லை. கடைசியில் ஒரு மையத்து. மகனுடைய உயரம், நீலக் கோட்டுச் சாரன். முகம் மட்டும் முகமாக இல்லை.

"காக்கா, இது உங்கட மகன்தான்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். "ஓம் எண்டு சொல்லுங்க. அடக்குவம். அந்தப் புள்ளையும் இத்தாவில இரிக்கட்டும்."

கணவன் இறந்து மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. அது முடிந்தால்தான் அவளுக்கு அடுத்த வாழ்க்கை. அவர் அந்த உடலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழும்பி, "ஓம் எண்டும் சொல்லமாட்டன். இல்ல எண்டும் சொல்லமாட்டன். எனக்குத் தெரியா" என்றார்.

ஆனால் மையவாடியில் அந்த உடலைக் குழிக்குள் இறங்கி வாங்கியது அவர்தான். தலையைப் பிடித்து, கன்னத்தை மண்ணில் படவைத்து, மெதுவாக வைத்தார். அதைப் பார்த்து நான் அழுதேன். அவர் அழவில்லை.

காணாமல் போனவர்களை மௌத்தானவர்களாக எடுக்கலாம் என்று ஆலிம்கள் சொன்னார்கள். மருமகள் அதைக் காதில் போடவில்லை. "மாமா காணல்ல எண்டுதானே சொல்லுறார், மௌத்து எண்டு சொல்லல்லயே" என்றாள். தாய் தகப்பன் வீடு எதுவும் இல்லாததால் எங்கள் வழக்கத்துக்கு மாறாக மாமி வீட்டிலேயே இருந்தாள். கலியாணப் படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன, மாமி வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இருக்கவில்லை.

பிறகு கதைகள் வரத் தொடங்கின. பொத்துவில் ஆஸ்பத்திரியில் பேச்சு வராத ஒருவர் கிடக்கிறாராம். அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பழைய ஞாபகம் இல்லாத ஒரு பொடியன் தோட்டம் கூட்டுகிறானாம். ஒவ்வொரு கதைக்கும் என் வேன் போனது. அவரும் வருவார். ஆளைப் பார்த்து "இல்ல மகள்" என்பார். திரும்பி வருகிற வழியில் அவள், "மாமா, அப்ப அவர் இரிப்பாரா?" என்று கேட்பாள். "நான் காணல்ல மகள்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த கதை வரும்வரை உயிரோடு இருந்தாள். வேன் எங்கே நின்றாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருவில் போகிற ஆம்பிளைகளின் முகத்தையெல்லாம் பார்ப்பாள். பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்ற வெட்கம்கூட அவளுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு பையனைக் காப்பாற்றிய அதே 'காணல்ல' இந்தப் பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தது.

கடல் வந்து நாலு வருடம் கழித்துச் சண்டை முடிந்தது. அடுத்த வருடம் அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. தச்சு வேலை செய்கிறவர், மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர், அமைதியான ஆள். அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்ததே மதினிதான். பெற்ற மகனின் இடத்தில் இன்னொருவனைக் கொண்டுவர ஒரு தாய்க்கு என்ன மனம் வேண்டும்!

"என்ட மகனுக்காக இவளைக் காவல் வைக்க எனக்கு ஏலாது" என்று எனக்கு முன்னால்தான் அவரிடம் கெஞ்சினா. "நீங்க ஒரு சொல் சொன்னா அவள் கேப்பாள். மௌத்துத்தான் எண்டு சொல்லுங்க."

"நான் காணல்லயே."

"பிறையா கேக்கிறன்? பெத்த மகனைக் கேக்கிறன்!"

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் மலைக் கதை வந்தது. பாதை திறந்ததும் எங்கள் சனம் வேன் வேனாக மலைநாடு பார்க்கப் போனது. போய்வந்த அடுத்த தெருப் பெண் ஒருத்தி மருமகளிடம் சொல்லியிருக்கிறாள்: மலை உச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை, சுற்றிவரக் கண்ணாடி, வெயில் நேரம் பார்த்தால் தூரத்தில் கடல் தெரியுமாம். சாப்பாடு கொண்டுவந்து வைக்கிற ஆள் உங்கட மாப்பிள்ளையின் அதே முகவெட்டாம். கடையின் பெயர் தெரியாது. மலையின் பெயரும் தெரியாது. மலைநாட்டில் மலைக்கா பஞ்சம்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெண் முன்னால் நின்றிருந்தால் நாலு கேட்டிருப்பேன்.

ஆனாலும் போனோம். அவர், மதினி, மருமகள், நான், என் பெண்சாதி. அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை தாண்டி, வெல்லவாயவில் ஏற்றம் தொடங்கியதும் வேன் முனகத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு நிறுத்தி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கண்ணாடிக் கடையைக் கேட்டேன். முதலில் காட்டிய கடையில் கண்ணாடியே இல்லை. இரண்டாவதில் கண்ணாடி இருந்தது, பரிமாறியவர் பல் விழுந்த ஒரு சிங்களக் கிழவர். மருமகள் குசினி வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பண்டாரவளைக்கு இங்கால் ஒரு ஆட்டோக்காரன் தேயிலைக்கு மேலே கையைக் காட்டி, "அந்தா உச்சியில" என்றான். வேன் பாதிவரைதான் ஏறியது. மிச்சத்தை நடந்தோம். என் பெண்சாதி சோற்றுப் பார்சல் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். வெளியில் கைநனைக்கப் பயந்து, சாப்பாட்டுக் கடைக்கே சோறு கட்டிக்கொண்டு போகிற கூட்டம் நாங்கள்.

உண்மையிலேயே சுற்றிவரக் கண்ணாடி. ஆனால் நாங்கள் போய்ச் சேரவும் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கண்ணாடிக்கு அங்கால் வெறும் வெள்ளை, மலையும் இல்லை, பள்ளமும் இல்லை.

குசினியிலிருந்து தட்டோடு ஒருவர் வந்தார்.  அதே உயரம். கழுத்தைச் சரித்து நடக்கிற அதே நடை. மருமகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இது அவரா?"

"என்னகா, உனக்குத் தெரியாதா?" என்றாள் என் பெண்சாதி மெதுவாக.

"முகம் மறந்து போகுது சாச்சி. முந்திக் கண்ணை மூடினா வரும். இப்ப வருதில்ல."

யா அல்லாஹ்! அவள் மாமாவை ஏன் ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டிப்போனாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு அவருடைய கண் வேண்டியிருந்தது.

அவர் அந்த ஆளை நன்றாகப் பார்த்தார். "இல்ல மகள்."

"வாங்கய்யா, உக்காருங்க" என்றார் அந்த ஆள் சிரித்துக்கொண்டு. கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவராம். "முஸ்லிம் ஆளுங்க வந்தா தனிச் சட்டியில முட்ட பொரிச்சுத் தருவோம், பயப்படாதீங்க. கொண்டாந்த சோத்தையும் இங்கயே வச்சு சாப்பிடலாம். இன்னைக்குப் பனி பூந்துருச்சு. இல்லாட்டி அந்தக் கோடியில கடல் தெரியும்யா. உங்க ஊருப் பக்கந்தான்."

பிளேன்டித் தேத்தண்ணி வந்தது. யாரும் குடிக்கவில்லை. பார்சலையும் பிரிக்கவில்லை. மருமகள்தான் முதலில் கதைத்தாள். எங்களைத் தேற்றுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நுவரெலியாப் பக்கமும் மலை இரிக்காம் மாமி. அங்கயும் இப்பிடிக் கடைகள் இரிக்காம். அடுத்த முறை அங்க போய்ப் பாப்பம் என்ன?"

மதினி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டா. முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை அவள். முக்காட்டு ஓரத்தில் நரைமுடி தெரிந்தது. இலங்கையில் எத்தனை மலை, எத்தனை கடை!

அவர் எழும்பிப் போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.  பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"மகள், நான் கண்டன்."

"என்னத்த மாமா? கடலையா?"

"மகனை." அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "அண்டைக்குத் தண்ணி அவனைக் கொண்டு போனதை என்ட கண்ணால கண்டன். அடிக்குத் தாண்டு போனான். மறுகா எழும்பல்ல. அவன் மௌத்து. நீ இத்தா இரி மகள்."

 அந்தக் காலையில் அவர் என்னோடு சவளக்கடைச் சேற்றில் நின்றார். அது எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும். பிட்டுக் கட்டிக் கொடுத்து அனுப்பியவளுக்குத் தெரியாதா?

"எங்க நிண்டு மாமா..." என்று தொடங்கினாள். அவர் தொப்பியை மறுபடி சரிசெய்தார்.  இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேள்வியை முடிக்கவில்லை.

"சரி மாமா" என்றாள். "நீங்க கண்டா சரி."

இறங்கி வருகிற வழியில், மொனராகலையில் ஒரு புடவைக் கடைக்கு முன்னால் வேனை நிறுத்தச் சொன்னாள். இத்தாவுக்கு வெள்ளைச் சேலை வாங்கினாள். அந்த முழு வழியிலும் அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

இத்தா முடிந்தது. அந்த வருடம் பிறை பார்க்க அவர் வயல் பக்கம் வரவில்லை. கண் மங்கிவிட்டது போல என்று ஊரில் கதைத்தார்கள். மதினியும் "ஓம், கண்ணில பூ விழுந்திட்டு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னா. அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு நிக்காஹ். தச்சு வேலைக்காரர் புதுச் சாரனும் தொப்பியுமாக வந்து பாயில் இருந்தார். மருமகள் உள்ளறையில் பெண்களோடு இருந்தாள். அவர் பந்தல் கட்டி, சமையலுக்கு விறகு இறக்கி, பெற்ற மகளுக்குச் செய்வதைப்போல எல்லாம் செய்தார். நிக்காஹ் நடத்த வந்த லெப்பை அவரைக் கூப்பிட்டார்.

"சாட்சிக்கு நீங்க வந்து இரிங்க காக்கா."

"நான் ஆகமாட்டன். வேற ஆளைப் பாருங்க."

"என்ன பகிடியா? உங்கட சாட்சி செல்லாட்டி இந்த ஊரில ஆர்ர சாட்சி செல்லும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என்ட சாட்சி இனிச் செல்லாது" என்று உள்ளறைக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, எழும்பி, சமையல் நடக்கிற பின்வளவுக்குப் போய்விட்டார். பொய்ச் சாட்சி சொன்னவனை மறுபடி சாட்சிக்கு எடுக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கச் சட்டம். ஊருக்குத் தெரியாத குற்றத்துக்கு அவரே தீர்ப்புச் சொல்லி, அவரே தண்டனையை ஏற்றுக்கொண்டார்.  எழுந்து போய் அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது உள்ளறையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. கடல் வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. இப்போது வீடே கேட்க, "மாமா, மாமா" என்று விக்கி விக்கி அழுதாள்.

"கலியாணப் பொண்ணு அழுவுறது வழமதானே" என்றார் லெப்பை. மற்றவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள்.